கண் டாக்டர் பில்லில் காசு மிச்சம் பிடிக்க...

அமெரிக்காவில் குடும்பம் நடத்தும் தோழிகளே, நம் வீட்டுக்கு வரும் பில்களில் சின்னதாக இருந்தும் ரொம்பக் குழப்புவது கண் டாக்டர் பில்தான். "இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் ஏன் இந்த ஒரு வரிக்கு மட்டும் முழுப் பணம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். அந்த வரிக்குப் பெயர் ரிஃப்ராக்ஷன், அதாவது கண்ணாடிக்குப் பவர் பார்த்த கூலி. கிளினிக்கின் பில்லிங் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதிச் செலவை வீட்டிலிருந்தே தடுக்கலாம். இதோ குறிப்புகள்.

1. பில் வந்ததும் முதலில் 92015 என்ற எண்ணைத் தேடுங்கள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுப் பவர் கண்டுபிடிக்கிறார்களே, அந்த வேலைக்கான கோடு, அதாவது குறியீட்டு எண், அதுதான். கண்ணுக்குள் நோய் இருக்கிறதா என்று பார்த்த கட்டணம் வேறு வரியில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. அந்த இன்னொரு வரியில் 92002 அல்லது 92004 இருந்தால் உங்களைப் புது நோயாளியாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்; 92012 அல்லது 92014 என்றால் பழைய நோயாளி. சில டாக்டர்கள் இவற்றுக்குப் பதிலாக 992 என்று தொடங்கும் பொது மருத்துவக் கோடுகளைப் போடுவார்கள். அதுவும் சரியான முறைதான், பதற வேண்டாம்.

3. புது நோயாளிக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல். அதே டாக்டரையோ, அதே குரூப்பில் அதே பிரிவைச் சேர்ந்த இன்னொரு டாக்டரையோ 3 வருடத்துக்குள் பார்த்திருந்தால் நீங்கள் பழைய நோயாளிதான். கிளினிக் கிளை மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே கடைசியாகப் போன தேதியை ஃபோனில் குறித்து வையுங்கள்.

4. 92015 இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே கோடு. வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு தடவை போட்டிருந்தால் பில்லிங் ஆபீஸைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் கை தவறி விழுந்ததாகத்தான் இருக்கும், உடனே திருத்தித் தருவார்கள்.

5. உள்ளே போனதும் ஒரு மெஷினில் மோவாயை வைத்து, தூரத்தில் பலூன் படத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அது தோராயமான அளவுதான். டாக்டர் அதை வைத்துக்கொண்டுதான் பவர் பார்க்கத் தொடங்குவார். அந்த மெஷினோடு நிறுத்திவிட்டு, லென்ஸ் மாற்றிப் பார்க்காமலும் கண்ணாடிச் சீட்டுத் தராமலும் அனுப்பிவிட்டு 92015 போட்டிருந்தால், விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

6. எந்த இன்சூரன்ஸ் பணம் கட்டும் என்பதை முடிவு செய்வது டாக்டரின் பட்டம் இல்லை, நீங்கள் எதற்காகப் போனீர்கள் என்பதுதான். இந்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "கண்ணாடி மாத்தணும்" என்றால் விஷன் பிளான். "கண் எரியுது", "மின்னல் மாதிரி தெரியுது", "சர்க்கரை இருக்கு, விழித்திரை பார்க்கணும்" என்றால் மெடிக்கல் இன்சூரன்ஸ். நாமோ பழக்கதோஷத்தில் "சும்மா செக்கப்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லே கிளெய்மை வேறு பக்கம் திருப்பிவிடும்.

7. அதற்காக இல்லாத நோயைச் சொல்லவே கூடாது. டாக்டர் எழுதும் குறிப்பும் கோடும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அது மோசடியாகிவிடும். இருப்பதை ஒன்று விடாமல் சொன்னாலே போதும்: தலைவலி, கண் வறட்சி, அப்பாவுக்கு கிளாக்கோமா, தினமும் சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

8. இரண்டு கார்டையும் கொண்டு போங்கள். மெடிக்கல் கார்டை எல்லோரும் எடுத்துப்போவோம், வி.எஸ்.பி., ஐமெட் போன்ற விஷன் பிளான்களுக்குப் பல சமயம் கார்டே வராது என்பதால் அதை மறந்துவிடுகிறோம். பெயரும் பிறந்த தேதியும் வேலை பார்க்கும் கம்பெனி விவரமும் கொடுத்தாலே முன்மேசையில் தேடி எடுத்துவிடுவார்கள். பிளான் கணவர் பெயரில் இருந்தால் அவர் பிறந்த தேதியும் கையில் இருக்கட்டும்.

9. ஒரே நாளில் நோயும் பார்த்து, பவரும் பார்த்தால், பரிசோதனைக் கட்டணத்தை மெடிக்கலுக்கும் 92015-ஐ மட்டும் விஷன் பிளானுக்கும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். எல்லா பிளானும் இதற்கு ஒப்புக்கொள்ளாது, எல்லாக் கிளினிக்கும் செய்யாது. ஆனால் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

10. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே ஃபோனில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். "ரிஃப்ராக்ஷனுக்குத் தனிக் கட்டணமா, எவ்வளவு?" "என் விஷன் பிளானை எடுத்துக்கொள்வீர்களா?" "என் மெடிக்கல் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் பில்லில் வேறு தொகை வந்தால், "இந்தத் தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார்" என்று நிதானமாகப் பேச அந்த ஒரு வரி போதும். கோபப்பட்டுப் பேசுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

11. விஷன் பிளானில் "12 மாதத்துக்கு ஒரு முறை" என்பதும் "காலண்டர் வருடத்துக்கு ஒரு முறை" என்பதும் ஒன்றல்ல. முதல் வகை என்றால், போன வருடம் ஆகஸ்ட் 20-ல் பார்த்தவர் இந்த வருடம் ஆகஸ்ட் 10-ல் போனால் முழுப் பணம் கட்ட வேண்டி வரும். இரண்டாம் வகை என்றால் டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்றுகூடப் போகலாம்.

12. பில்லில் சிகிச்சைக் கோடு ஒன்று, நோய்க் கோடு ஒன்று என்று இரண்டும் இருக்கும். எச்52.13 என்றால் இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, எச்52.03 என்றால் இரண்டிலும் தூரப்பார்வை, எச்52.4 என்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து. இந்த எச்52 வரிசை மட்டும் இருந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கை விரித்துவிடும். விஷன் பிளான்தான் கதி.

13. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத குடும்பம் குறைவு. சர்க்கரைக்காகக் கண் பார்க்கப் போனால் அதைப் பேச்சின் முதல் வரியாகச் சொல்லுங்கள், இன்சுலின் போட்டுக்கொண்டால் அதையும் சேருங்கள். அப்போது இ11 என்று தொடங்கும் சர்க்கரைக் கோடு கிளெய்மில் முதலில் போகும். அது போகாமல் கிட்டப்பார்வைக் கோடு முன்னால் போய் கிளெய்ம் திரும்பிவிட்டால், "டாக்டரின் குறிப்பைப் பார்த்துத் திருத்திய கிளெய்ம் அனுப்ப முடியுமா?" என்று கிளினிக்கைக் கேளுங்கள். குறிப்பில் சர்க்கரைப் பரிசோதனை பதிவாகி இருந்தால் திருத்தி அனுப்ப வழி உண்டு.

14. சர்க்கரை ஏறி இறங்கும் நேரத்தில் பவரும் கூடவே மாறும், ஏனென்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து வீங்கி வற்றுகிறது. மருந்து மாற்றிய புதிதில் கண்ணாடி போட்டால் அடுத்த மாதமே மங்கலாகிவிடும், பவர் பார்த்த காசும் கண்ணாடிக் காசும் வீண். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் பவர் பாருங்கள். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

15. 65 வயதைத் தாண்டிய பெரியவர்கள் கவனிக்க: மெடிக்கேர் பார்ட் பி கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதற்குப் பணம் தராது. இது கிளினிக்காரர் செய்யும் வேலையும் இல்லை, கோடு போட்டதில் தவறும் இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அப்படி விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த ஒரு வரிக்காக மேல்முறையீடு எழுதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் நாளில் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

16. சில கிளினிக்குகளில் "மெடிக்கேர் தராது, நான் கட்டுகிறேன்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். சட்டமே விலக்கிய ரிஃப்ராக்ஷனுக்கு அந்தப் படிவம் கட்டாயமில்லை, முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற நல்ல எண்ணத்தில் தருவது. தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

17. அப்பாவுக்குப் பழைய கம்பெனி கொடுத்த ஓய்வுக்கால இன்சூரன்ஸ் இரண்டாவதாக இருக்கிறதா? அதில் கண்ணாடிப் பரிசோதனை உண்டு என்றால், 92015-ஐ ஜி.ஒய். என்ற குறியோடு மெடிக்கேருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மெடிக்கேர் "எங்கள் வரம்பில் இல்லை" என்று திருப்பும். அந்தத் தாளை வைத்து இரண்டாவது இன்சூரன்ஸ் பணம் தரும். மெடிகேப் பாலிசிக்கு இந்த வழி உதவாது, அது மெடிக்கேர் ஒப்புக்கொண்டதற்கு மட்டுமே பங்கு கொடுக்கும்.

18. மெடிக்கேர் எதற்குத் தரும் என்பதையும் தெரிந்துகொள்வோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை உண்டு. சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் கிளாக்கோமா இருப்பவர்கள் போன்றவர்களுக்கு வருடம் ஒரு முறை கிளாக்கோமா பரிசோதனையும் உண்டு. டிடக்டபிள் கழிந்தபின் 20 சதவீதம் உங்கள் பங்கு. இவற்றை விட்டுவிட்டு, கிடைக்காத பவர் பரிசோதனைக்காக வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

19. மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளானில் இருந்தால் கதையே வேறு. அந்தப் பிளான்கள் பலவற்றில் கண்ணாடிக்கும் பவர் பார்க்கவும் தனிச் சலுகை உண்டு. பிளான் புத்தகத்தில் விஷன் என்ற பக்கத்தைத் திறந்து, எந்த டாக்டரிடம் போகலாம் என்ற பட்டியலையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

20. கண்புரை ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு மட்டும் மெடிக்கேர் ஒரு ஜோடிக் கண்ணாடிக்கு உதவுகிறது. கண்ணாடிக் கடை மெடிக்கேரில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். ஃபிரேமில் ஆடம்பரம் கூட்டினால் அந்த வித்தியாசம் நம் கையிலிருந்து. இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் என்றால், இரண்டாவதும் முடிந்து பார்வை நிலைத்தபின் கண்ணாடி போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், ஒரே கண்ணாடியோடு வேலை முடியும். ஆபரேஷனுக்குப் பின் வரும் சோதனைகள் 90 நாள் பேக்கேஜுக்குள் அடங்கினாலும் 92015 அதில் சேராது.

21. ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமனார், மாமியார் வருகிறார்களா? விசிட்டர் இன்சூரன்ஸில் வழக்கமான கண் பரிசோதனை பொதுவாகக் கிடையாது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே சென்னை சங்கர நேத்ராலயாவிலோ மதுரை அரவிந்திலோ, இல்லை ஊரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ பார்த்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி இரண்டு ஜோடி செய்துகொண்டு, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வைத்து எடுத்துவரட்டும். பவர் சீட்டை ஃபோனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியும் வைக்கட்டும்.

22. பிள்ளைகளுக்குத் தனி விஷன் பிளான் வாங்குமுன் மெடிக்கல் பிளானைப் பாருங்கள். நாமே வாங்கும் பிளானிலும் சிறு கம்பெனிப் பிளானிலும் 19 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கண் பராமரிப்பு சட்டப்படி சேர்ந்திருக்கிறது. மெடிக்கெயிட் உள்ள பிள்ளைகளுக்கு 21 வயதுக்குள் பரிசோதனையும் கண்ணாடியும் உண்டு.

23. பள்ளியில் கண் சோதனையில் தேறவில்லை என்று சீட்டு வந்தால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பள்ளிச் சோதனையில் தவறியதால் வந்த குழந்தைக்கு என்றே இசட்01.020, இசட்01.021 என்று தனிக் கோடுகள் இருக்கின்றன. குழந்தை டாக்டர் ஆபீஸில் சுவர்ப் பலகையைப் படிக்கச் சொல்வது 99173 என்ற வடிகட்டும் சோதனை மட்டுமே. அதில் தேறிவிட்டால் கண்ணாடி வேண்டாம் என்று அர்த்தமில்லை.

24. சில தனியார் பிளான்களில் 92 எண்களுக்குப் பதில் எஸ்0620 அல்லது எஸ்0621 வரும். வழக்கமான பரிசோதனையும் பவர் பார்ப்பதும் இரண்டும் சேர்ந்த கோடு அது. கூடவே 92015-ம் தனியாகப் போட்டிருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் என்று பொருள், கட்டுமுன் கேளுங்கள்.

25. பவர் பார்த்து முடித்ததும் கண்ணாடிச் சீட்டை நீங்கள் கேட்காமலே கையில் தர வேண்டும், அதற்குத் தனிக் காசு வாங்கக் கூடாது. ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி இது, 1978-லிருந்து இருக்கிறது. அங்கேயே கண்ணாடி வாங்கினால்தான் தருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டு வாங்கிக்கொண்டு நாலு கடை விலை விசாரியுங்கள். உண்மையான மிச்சம் இங்கேதான் இருக்கிறது.

26. இரண்டு கண்மணிக்கும் நடுவிலுள்ள தூரத்தை பி.டி. என்பார்கள். ஆன்லைனில் கண்ணாடி வாங்க அது வேண்டும், ஆனால் அதை எழுதித் தருவது எல்லா மாநிலத்திலும் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே "பி.டி.யும் எழுதிடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் பல பேர் எழுதித் தருவார்கள்.

27. கான்டாக்ட் லென்ஸ் அளவு பார்ப்பது 92015 அல்ல. 92310 என்ற தனிக் கோடு, தனிக் கட்டணம். இந்த வருடம் லென்ஸ் போடப் போவதில்லை என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

28. "விழித்திரைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று உதவியாளர் கேட்டால், "இது டாக்டர் சொன்னதா, விருப்பமா? இன்சூரன்ஸ் கட்டுமா?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நோய்க்காக எடுத்தால் 92250 என்று இன்சூரன்ஸுக்குப் போகும், வெறும் முன்னெச்சரிக்கைக்கு என்றால் நம் கைக்காசு. சர்க்கரை, கிளாக்கோமா உள்ளவர்கள் டாக்டர் சொல்வதைக் கேட்டு எடுத்துக்கொள்வதே நல்லது.

29. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், கைக்காசு கொடுப்பவர்கள் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். 2022 ஜனவரியிலிருந்து அதைத் தருவது சட்டப்படி கடமை. பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம். கண் பரிசோதனைக்கு அவ்வளவு கூடாதுதான், ஆனால் ஸ்கேன்கள் சேரும்போது கை கொடுக்கும்.

30. கிளினிக் பில்லுக்கு முன்னால் இன்சூரன்ஸிலிருந்து ஈ.ஓ.பி. என்ற விளக்கத் தாள் வரட்டும், "இது பில் அல்ல" என்று மேலேயே அச்சிட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி, கோடு, உங்கள் பங்கு மூன்றையும் ஒப்பிட்டபின் பணம் கட்டுங்கள். ஈ.ஓ.பி.யில் பி.ஆர். என்ற குறி இருந்தால் அது நம் பொறுப்பு. சி.ஓ. என்ற குறி இருந்தால் நெட்வொர்க் டாக்டர் அதை நம்மிடம் வசூலிக்கக் கூடாது. 92015-க்கு நேரே சி.ஓ.-97 என்று இருந்தால், அந்தக் கட்டணம் இன்னொரு வரிக்குள் அடங்கிவிட்டது என்று இன்சூரன்ஸ் சொல்கிறது. இந்த இரண்டு எழுத்தைத் தேடக் கற்றுக்கொண்டால் கட்டத் தேவையில்லாத பணம் கை விட்டுப் போகாது.

31. புதுக் கண்ணாடி போட்டுத் தலை சுற்றினால் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் புது அப்பாயின்ட்மென்ட் வாங்காமல், "ரீசெக் வேணும்" என்று சொல்லுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் வந்தால் பல இடங்களில் இலவசமாகப் பார்ப்பார்கள். எத்தனை நாள் என்பதைக் கண்ணாடி வாங்கும்போதே ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டால் தகராறே இல்லை.

32. மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. கணக்கில் பணம் இருந்தால் பரிசோதனை, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், அதைக் கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். இன்சூரன்ஸ் மறுத்த 92015-க்கும்தான். கார்டு தேய்த்த சீட்டு மட்டும் போதாது, என்ன வேலை என்று வரிவரியாக எழுதிய ரசீது கேளுங்கள். எஃப்.எஸ்.ஏ. பணம் காலக்கெடு தாண்டினால் போய்விடும் என்பதால், டிசம்பர் கடைசியில் எல்லோரும் முண்டியடிக்குமுன் அக்டோபரிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

33. கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதல் ஃபோன் கிளினிக்குக்கு, இன்சூரன்ஸுக்கு அல்ல. பிறந்த தேதி தவறு, கணவர் மனைவி பெயர் மாறியது, நோய்க் கோடு விட்டுப்போனது போன்றவை அங்கேயே சரியாகிவிடும். அப்படியும் நடக்காவிட்டால் தனியார் பிளான்களில் பொதுவாக 180 நாள் வரை மேல்முறையீடு செய்யலாம்.

34. இந்தக் குறிப்பை ஃபிரிட்ஜில் ஒட்டுவதாக இருந்தால் தேதி போட்டு ஒட்டுங்கள். நோய்க் கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-லும் சிகிச்சைக் கோடுகள் ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதுப்பிக்கப்படும். பிளான் விதிகளும் கம்பெனி மாறும்போது மாறும், அதனால் வருடம் ஒரு முறை எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.